கட்டித் தொங்கும் சிறு சீட்டு
துணியாலும் ஓலையாலும் ஒரு கைவேலைப் பாடம்

ஆலயத் திருவிழாவாயினும் இல்லத் திருமணமாயினும், விடைபெறும் விருந்தினர் கையில் ஒரு தாம்பூலப் பை கொடுத்தனுப்புவது நம் மரபு. அந்தப் பையில் இப்பொழுது ஒரு சீட்டும் தொங்குகிறது. மணமக்கள் பெயரும் நாளும் ஒரு நன்றிச் சொல்லும் அச்சிட்ட அட்டை அது. அதன் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு. கட்டுவதற்கு நைலான் நாடா. வீடு போய்ச் சேர்ந்ததும் தேங்காய் அடுப்படிக்குப் போகிறது. சீட்டு குப்பைக்குப் போகிறது. குப்பைக்குப் போனாலும் அது மக்குவதில்லை.

இந்தச் சிறிய சீட்டை நம் கையாலேயே செய்துகொள்ள முடியும் என்பதைச் சொல்லித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். தேவைப்படுவன ஒரு பழைய வேட்டி, சிறிது மஞ்சள், சிறிது சுண்ணாம்பு, சோற்றுக் கஞ்சி, வாழைநார், தென்னங்குருத்து. இவை யாவும் நாம் அறிந்த பொருள்களே. அறியாதது செய்முறை ஒன்றுதான்.

வாயோலை என்னும் பழஞ்சீட்டு

பொருளின் மேல் பெயர்ச்சீட்டு கட்டும் பழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கின்றனர். தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதினர். குடும்பு வாரியாக அவற்றைக் கட்டாகக் கட்டினர். ஒவ்வொரு கட்டின் மேலும் அது எந்தக் குடும்புக்குரியது என்று காட்ட ஓர் ஓலை கட்டப்பட்டது. அதற்கு வாயோலை என்று பெயர். பின்னர் கட்டுகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளே இருப்பது யாருக்குரியது என்று சொல்ல ஒரு சிறு ஓலையைக் கட்டித் தொங்கவிட்டனர் நம் முன்னோர். நாம் இன்று செய்யப்போகும் சீட்டும் அந்த வாயோலையின் வழித்தோன்றலே.

தோரணம் பேசும் மொழி

கட்டித் தொங்கவிடும் ஓலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. எழுத்தில்லாமலேயே அது செய்தி சொல்லும். வாசலில் மாவிலை கண்டால் உள்ளே நல்ல காரியம் என்று அறிகிறோம். இலங்கைத் தமிழர் வழக்கில் குருத்தோலைத் தோரணம் இன்னும் நுட்பமானது. ஓலையை மடித்து, கிழித்து, குருவி போன்ற உருவங்களை அதில் அமைப்பார்கள். மங்கல நிகழ்வுக்குரிய தோரணத்தில் குருவிகள் நான்கு. அவற்றின் தலை மேல்நோக்கி இருக்கும். துக்க வீட்டுத் தோரணத்தில் குருவிகள் மூன்று; தலை கீழ்நோக்கி இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பிய இலங்கைத் தமிழரின் வழியினர் நம் பள்ளத்தாக்கில் பலர் உள்ளனர். அவர்கள் வீட்டு முதியோரைக் கேட்டால் இதனை விளக்குவார்கள்.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தோரணத்திற்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. அதைத் தொங்கவிடும் இளைஞருக்கும் தெரியாது. கட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்வரைதான் இந்த மொழிக்கு உயிர் உண்டு. ஓலையை மடிக்கும் விரல்கள் ஓய்ந்துவிட்டால், நான்குக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு புத்தகத்தில் மட்டுமே இருக்கும். சீட்டு செய்வதைப் பாடமாக எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். சிறிய வேலையில் பழகும் விரல்களே பெரிய வேலைக்குத் தயாராகும்.

செய்முறை

முதற்படி: துணி. முழுப் பருத்தித் துணியே வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணியில் மஞ்சள் சரியாகப் பிடிக்காது. பழைய நாலு முழ வேட்டி மிகப் பொருத்தம். அதனைச் சோப்பிட்டுத் துவைத்து, சோப்பு சிறிதும் இல்லாதபடி மூன்று முறை அலச வேண்டும். சோப்பு தங்கிய இடத்தில் மஞ்சள் சிவந்து திட்டுத் திட்டாகிவிடும்.

இரண்டாம் படி: சாயம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள் தூள் சேர்த்து 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டவும். துணி முழுவதும் மூழ்கும் அளவுக்கு இந்தக் கணக்கிலேயே சாயநீர் தயாரித்துக்கொள்ளலாம். ஈரத் துணியை அதில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்தவும். வெயில் மஞ்சளின் நிறத்தை வெளுக்கச் செய்யும்.

மூன்றாம் படி: கஞ்சி. துணியை இரண்டாக வெட்டிக்கொள்ளவும். ஒரு பாதியைப் பலகையில் விரித்து, கெட்டியான சோற்றுக் கஞ்சியைச் சீராகத் தடவவும். மறு பாதியை அதன்மேல் வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் கையால் நீவவும். மேற்புறமும் மெல்லியதாகக் கஞ்சி தடவி, காற்றோட்டமான நிழலில் நன்கு காயவிடவும். நம் நாட்டு ஈரக் காற்றில் அரைகுறையாய்க் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். முழுதும் காய்ந்த துணி அட்டைபோல் விறைப்பாகும். வெட்டினால் ஓரம் பிரியாது.

நான்காம் படி: வெட்டுதல். 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு காகித அச்சு செய்துகொண்டு, அதனைத் துணிமேல் வைத்துக் கோடிட்டு வெட்டவும். மாணவர்கள் இங்கே கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வேட்டி ஏறத்தாழ 180 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் உடையது. நீளத்தில் 22 துண்டு, அகலத்தில் 24 துண்டு, ஆக 528 துண்டுகள். இரண்டடுக்காக ஒட்டுவதால் 264 சீட்டுகள். வெட்டும்போது வீணாவதைக் கழித்தாலும் ஒரு பழைய வேட்டியில் 250 தாம்பூலப் பைகளுக்குச் சீட்டு கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: எழுத்து. பிள்ளைகள் மிகவும் விரும்பும் பகுதி இது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். புளிப்போடு சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாகும். வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகையைச் சிறு கிண்ணத்து நீரில் கரைத்துத் தெளியவிடவும். தென்னை ஈர்க்கின் முனையை அந்தத் தெளிநீரில் தோய்த்து மஞ்சள் சீட்டின்மேல் எழுதினால், எழுத்து செந்நிறமாய்த் தோன்றும். மையும் வேண்டாம், அச்சகமும் வேண்டாம். ஓர் எழுத்து பிழையானால் எலுமிச்சைச் சாறு ஒரு துளி போதும், சிவப்பு மறையும். இந்தச் சிவப்பு நாளடைவில் மங்கக்கூடியது. ஆதலால் விழாவுக்கு முதல் நாள் எழுதுவதே நலம்.

ஆறாம் படி: அலங்காரம். தென்னங்குருத்தின் ஓர் இலையை ஈர்க்கு நீக்கி, விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, விசிறிபோல் மாறி மாறி மடிக்கவும். நடுவில் வாழைநாரால் இறுக்கிக் கட்டினால் இருபுறமும் விரிந்து பூவாகும். அதனைச் சீட்டின் மேல்முனையில் வைத்துத் தைக்கவும். மஞ்சாடி விதை கிடைத்தால் பூவின் நடுவே பசையிட்டு ஒட்டலாம்.

ஏழாம் படி: கட்டுதல். சீட்டின் மேல்முனையில் கோணி ஊசியால் துளையிட்டு வாழைநார் கோக்கவும். காய்ந்த நார் ஒடியும்; பத்து நிமிடம் நீரில் ஊறவைத்தால் நூல்போல் வளையும்.

கவனிக்க வேண்டியவை

சுண்ணாம்பைப் பெரியவர்களே கரைத்துக் கொடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. மஞ்சாடி முழுதும் சிவப்பு. மலாய் அன்பர்கள் சாகா என்பர். குன்றிமணியில் கருப்புக் கண் இருக்கும். அது கடும் நஞ்சு. பிள்ளைகள் கையில் அதனைக் கொடுக்கலாகாது.

குருத்து வெட்டுவதிலும் நிதானம் தேவை. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது சிதைந்தால் மரமே பட்டுப்போகும். ஒரு தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 ஓலைகளையே விடுகிறது. ஒரு குருத்தை எடுப்பது மரத்தின் ஒரு மாத உழைப்பை எடுப்பதாகும். ஆகவே வெட்டப்படவிருக்கும் மரங்களிலிருந்து எடுப்பது சாலச் சிறந்தது. ஒரு குருத்தில் ஏறத்தாழ 200 இலைகள் கிடைக்கும். நம் 250 சீட்டுகளுக்கும் அது தாராளம்.

நம் ஊரில்

ஷா ஆலம் 1978இல் சிலாங்கூரின் தலைநகராகி, 2000ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மாநகர் ஆனது. அதற்கு முன் இது ரப்பரும் செம்பனையும் நின்ற சுங்கை ரெங்கம் தோட்ட மண். தோட்டத்து லயங்களில் திருவிழா என்றால், முதல் நாள் இரவே ஆண்கள் குருத்து வெட்டி வருவதும், பெண்கள் மாவிலை கோப்பதும், பிள்ளைகள் ஈர்க்கு உரிப்பதும் இயல்பாக நடந்தன. யாரும் வகுப்பு நடத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்த்தே கற்றுக்கொண்டார். அடுக்குமாடி வீடுகளில் அப்படி உட்காரும் திண்ணை இல்லை. கிள்ளான் தெங்கு கெலானா சாலைக்குப் போனால் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிறது. திண்ணை போன இடத்தில் ஆலய மண்டபம்தான் திண்ணையாக வேண்டும்.

நம் மலாய் அண்டை வீட்டாரைப் பாருங்கள். பெருநாள் நெருங்கினால் பாட்டியும் பேரனும் சேர்ந்து தென்னை ஓலையில் கெத்துப்பாட் கூடு பின்னுகின்றனர். திருமணத்தில் அவர்கள் ஏந்தும் புங்கா மங்கார் என்பதன் பெயரே தென்னம்பூவைக் குறிப்பது. ஒரே மரத்தின் ஓலையும் பூவும் இரு சமூகத்தாருக்கும் மங்கலப் பொருள். நாம் அவர்களிடம் பின்னல் கற்கலாம். அவர்களுக்குத் தோரணம் கற்பிக்கலாம்.

அரசும் இவ்வழியையே காட்டுகிறது. சிலாங்கூரில் 2017 தொடக்கம் முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வாங்கும் முறை நடப்புக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. சட்டம் வந்த பின் மாறுவதைவிட, பழக்கத்தால் மாறுவது நமக்குப் பெருமை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை, ஒரு பழைய வேட்டியோடும் ஒரு பிள்ளையோடும் மண்டபத்துக்கு வாருங்கள். தோரணம் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 25 சீட்டு செய்தால் 250 முடிந்தது. சீட்டு செய்யப் பழகிய பிள்ளை அடுத்த ஆண்டு வாசல் தோரணம் கட்டட்டும்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. வாயோலை என்பது என்ன? எந்த ஊர்க் கல்வெட்டில் அது குறிப்பிடப்படுகிறது?
2. மஞ்சள் துணியில் சுண்ணாம்பு நீரால் எழுதிய எழுத்து சிவப்பது ஏன்? எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகும்? செய்து பார்த்து எழுதுக.
3. உங்கள் பாட்டி, தாத்தா அல்லது அண்டை வீட்டு முதியவர் ஒருவரிடம் தோரணம் கட்டும் முறையைக் கேட்டு, படம் வரைந்து, குருவிகளின் எண்ணிக்கையையும் திசையையும் குறித்து வருக.