மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி. சேலத்தில் வைத்தியம் பார்த்து ஒரு மாதமாகியும் மூச்சு வாங்குகிறதே?
– ஒரு வாசகி, வெள்ளக்கடை, ஏற்காடு

பதில்: ஒரு மாதம் போதாதம்மா. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நடுவில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. முதுமை, உடல் பருமன், புற்றுநோய், பழைய இதய நோய் இருந்தால் தேறத் தாமதமாகும். காரணம் தெரியாமல் வந்த கட்டி மறுபடியும் வரலாம்.

அந்த மாத்திரை வார்ஃபரின் என்றால், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க அலுப்புதான், ஆனாலும்! கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம் என்றாலும் அதை விட வேண்டாம், கீரையின் அளவை மாற்றாமல் சாப்பிடட்டும்.

3 மாதம் கழித்தும் மூச்சு வாங்கினால் இதயத்துக்கு எக்கோ எடுக்கக் கேளுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் உடனே 108.