எட்டு விளக்கும் எரிந்தன

சென்னையில் ஓர் அலுவலகத்தில் கேபிளிங் முடித்துக் கொடுத்த மூன்றாம் நாள் போன் வந்தது. "சார், ரெண்டு சீட்ல மட்டும் நெட் விட்டு விட்டு வருது." இரண்டும் கடைசி நேரத்தில் கூடுதலாகக் கேட்ட பாயின்ட்கள். சுவரில் ஜாக் வைக்காமல், இரு முனையிலும் நேரே பிளக் அடித்திருந்தோம். டெஸ்டரை மாட்டினேன், எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. ஸ்விட்சைச் சந்தேகப்பட்டு ஒரு பகலைத் தொலைத்தேன்.

பிளக்கை உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானேண்ணே அடிச்சிருக்கேன்?" என்றான் பிளக் அடித்த தம்பி. உண்மைதான். ஆனால் 3, 6 ஆகிய பின்கள் இரண்டும் சேர்ந்து ஒரு சிக்னலைச் சுமப்பவை. அவை ஒரே முறுக்கில் போனால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து அடிபட்டுப்போகும். சரியான வரிசையில் பச்சை ஜோடி நீலத்துக்கு இருபுறமும் பிரிந்து உட்காருவது அதற்காகத்தான். விளக்கு டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ஜோடி பிரிந்திருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது.

அதன்பிறகு, ஜோடி பிரிந்திருப்பதையும் காட்டும் சர்டிஃபிகேஷன் டெஸ்டரை வாடகைக்காவது எடுத்து, ஒவ்வொரு பாயின்டையும் சோதித்த பிறகே ஃபால்ஸ் சீலிங்கை மூட விடுகிறேன். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிப்பதில்லை. ரேக்கிலிருந்து சுவர் ஜாக் வரை 90 மீட்டர்தான் வரம்பு. பேட்ச் கார்டுகளுக்கு மிச்சம் 10. வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் ஏமாந்துபோவோம். கேபிள் சுவரேறி, சீலிங்கில் வளைந்து, மறுபடி இறங்கும் தூரமும் கணக்கில் சேரும்.

கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவுதான். ஆனால் பஞ்ச் செய்யும்போது ஒடியும். மின்தடை அதிகம் என்பதால், அந்த கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் கேமரா தூரத்தில் இருந்தால் திணறும். சுவருக்குள் போய்விட்டதை மாற்ற ஆகும் செலவைப் பார்த்தால் அந்த மிச்சம் ஒன்றுமேயில்லை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

லேபிள் இரு முனையிலும் வேண்டும், கேபிளை இழுப்பதற்கு முன்பே. இழுத்த பிறகு ரேக்கில் நாற்பது நீல வால்கள் தொங்கும். எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும்.