பூவும் பனியும் சேர்ந்த காஷ்மீர்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பள்ளத்தாக்கில் பூ, மலைமேல் பனி. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் பாதியும்தான் ஏற்றவை. மழையும் அப்போதுதான் வரும். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்புமுன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. ஸ்ரீநகரில் ஸபர்வான் மலையடிவாரத்தில் இருக்கும் டூலிப் தோட்டம் வருடத்தில் ஏறக்குறைய ஒரு மாதம்தான் திறந்திருக்கும். பெரும்பாலும் மார்ச் கடைசியில் திறப்பார்கள்; அந்த வருடத்துக் குளிரைப் பொறுத்து தேதி முன்பின் ஆகும். ஏப்ரல் முதல் வாரத்தில் அங்கே இருப்பதுபோல் டிக்கெட் எடுங்கள். மே விடுமுறைக்குத் தள்ளினால் பூ இருக்காது. மார்ச் நடுவிலேயே போகிறவர்கள் ஹரி பர்வத் அடிவாரத்துப் பாதாம்வாரி தோட்டத்தைக் கேட்டுப் போங்கள். பாதாம் மரம் பூத்து நிற்பது டூலிப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

2. நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். ஹோட்டல், டிரைவர் எண்களைக் காகிதத்தில் எழுதி பெரியவர்களின் பையில் வையுங்கள்.

3. ஒரு நாளைக் காலியாக விடுங்கள். வசந்த கால மழையில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். கடைசி இரவு கட்டாயம் ஸ்ரீநகரில்தான். பஹல்காமிலோ குல்மார்க்கிலோ தங்கிவிட்டு காலையில் நேராக விமானம் பிடிக்க நினைக்காதீர்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனைகள் அதிகம். 3 மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

4. கனமான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று உடுப்புகள் மேல். ஏறத்தாழ 1,600 மீட்டரில் உள்ள ஸ்ரீநகரில் பகலில் வெயில் அடித்தால் ஒன்றைக் கழற்றலாம். 2,650 மீட்டரில் உள்ள குல்மார்க்கில் எல்லாமே வேண்டும். பனிக்கான பூட்ஸும் கோட்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். காலுறை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

5. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். வாயகன்ற சிறு டப்பாவில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் நல்லெண்ணெய் போதும்.

6. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். படகு வீடுகளிலும் சில விடுதிகளிலும் புகாரி என்ற அடுப்பு வைத்து அறையைச் சூடாக்குவார்கள். விறகோ கரியோ கேஸோ எரியும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் இருக்காது, நிறமும் இருக்காது. தூங்கப் போகுமுன் அணைக்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். காங்கிரி என்னும் கணப்புச் சட்டியையும் படுக்கைக்குக் கொண்டுபோகக் கூடாது. மின்சாரப் போர்வை உண்டா என்று அறை பதியும்போதே கேட்டுவிட்டால் கவலையில்லை.

7. குல்மார்க் கேபிள் கார் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். முதல் கட்டம் சுமார் 3,000 மீட்டரில் உள்ள கோங்டூரி வரை. குழந்தைகள் பனியில் விளையாட அது போதும். இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே போகிறது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் அங்கே ஏற்ற வேண்டாம்.

8. ஸ்ரீநகரிலிருந்து வரும் வண்டி பஹல்காமோடு நின்றுவிடும். ஆரு, பேதாப் பள்ளத்தாக்குகளுக்கு உள்ளூர் டாக்ஸிதான். அந்தச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமுக்கு அருகே பைசரனில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களை மூடி, படிப்படியாகத் திறந்துவருகிறார்கள். எது திறந்திருக்கிறது என்று கிளம்பும் வாரத்தில் விசாரியுங்கள்.

9. சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். அங்கேயும் சோறுதான் முக்கிய உணவு. ஹாக் என்ற கீரையும், ஏரியில் விளையும் தாமரைத் தண்டில் செய்யும் நத்ரூவும் சைவக்காரர்களுக்கு அருமையான துணை. சிறு குழந்தைகளுக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும்.

10. தால் ஏரியில் ஷிகாரா என்னும் படகில் ஏறுமுன் கட்டணத்தையும் நேரத்தையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நடு ஏரியில் நகை, சால்வை, குங்குமப்பூப் படகுகள் பக்கத்தில் வந்து ஒட்டும். வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே சொன்னால் போய்விடுவார்கள். விடிவதற்கு முன்னால் எழ முடிந்தால் காய்கறிப் படகுச் சந்தைக்குப் போங்கள். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி மாட்டிய பிறகே படகை எடுக்கச் சொல்லுங்கள்.