மண்டைக்காடு தரும் விடை

கேள்வி: மதவெறிக்கும் வன்முறைக்கும் மதம்தானே காரணம்? (வாசகர், கடியப்பட்டணம்)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்து மண்டைக்காட்டையே பார்ப்போம். 1982 மார்ச் 1 அன்று, பகவதி அம்மன் கோயில் மாசிக்கொடையின்போது இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது, உயிர்கள் போயின. ஆனால் கோயிலும் கடற்கரைத் தேவாலயங்களும் அதற்கு நெடுங்காலம் முன்பே அருகருகே இருந்தவை. அவ்வாண்டு வேதமும் மாறவில்லை, ஆகமமும் மாறவில்லை. மாறியது சூழல். 1960களில் குமரிப் பாறையில் சிலுவையா, விவேகானந்தர் நினைவிடமா என்ற பூசல். 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறிய மதமாற்றம். அதையொட்டி இரு தரப்பிலும் எண்ணிக்கை பற்றிய அச்சம், அதை ஊதிவிட்ட மேடைகள். கரையோர மீனவருக்கும் உள்நாட்டாருக்கும் இடையே இருந்த பழைய சாதி விலகலும் இதற்குள் மதச்சாயம் பூசிக்கொண்டது. அப்புறம் ஒரு வதந்தி போதும்.

‘அப்படியானால் மதம் நிரபராதியா?’ என்பீர்கள். இல்லை. கடற்கரையில் இருவருக்குள் மூளும் சண்டையை, முகம் தெரியாத ஆயிரம் பேரின் மானப் பிரச்சினையாக்கும் ஆற்றல் மத அடையாளத்துக்கு உண்டு. வறுமைதான் காரணம் என்பாரின் வாதமும் பாதிதான். வறுமை அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இருந்ததே! சமாதானம் பேச வந்தவர் குன்றக்குடி அடிகளார் என்ற சைவத் துறவி என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு எம்.ஜி.ஆர். அரசு அமைத்த நீதிபதி வேணுகோபால் ஆணையத்தின் அறிக்கை இருக்கிறது, படித்தவர்கள்தான் குறைவு.