‘இப்போதைக்கு விட முடியாது’ என்பவருக்கும் உதவி உண்டு

நம்பிக்கை: புகையை விடணும் என்று புகைப்பவருக்கே தோன்றாதவரை, யார் என்ன செய்தும் பயனில்லை.

உண்மை: வீட்டார் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். “விடுற எண்ணம் இருக்கா?” “இப்போதைக்கு இல்லை டாக்டர்.” அத்தோடு பேச்சு முடிந்து அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுவார். எனக்குப் பெரிய ஆதங்கம் இதுதான். ‘இல்லை’ என்றவர் சொன்னது அன்றைய பதில் மட்டுமே. இங்கிலாந்தில் ராபர்ட் வெஸ்ட்டும் சக ஆய்வாளரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், விட முயன்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் எந்த முன்திட்டமும் இல்லாமல் சட்டென்று விட்டிருந்தார்கள். திட்டமிட்டு விட்டவர்களைவிட இவர்களில்தான் அதிகம் பேர் ஆறு மாதமாவது தாக்குப்பிடித்தார்கள். நேற்று ‘இல்லை’ என்றவர் நாளைக் காலையில் விடக்கூடும். அப்போது உதவி எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

விருப்பம் கேட்டு வடிகட்டாமல் எல்லாரிடமும் “விடுறதுக்கு நான் உதவுறேன்” என்று முன்வருவதே நல்லது. ‘உடம்புக்குக் கெடுதல், விட்டுவிடுங்கள்’ என்ற அறிவுரையைவிட அந்த ஒரு வார்த்தை அதிகம் பேரை முயல வைக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பால் அவேயார்டு குழுவினர் 2012இல் எழுதினார்கள்.

நம்பிக்கை: நாலு வார்த்தை சுருக்கென்று கேட்டால்தான் உறைக்கும்.

உண்மை: திட்டினால் மனிதர் தன் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார். “எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி பிடிச்சாரு” என்பார். மதுப்பழக்கம் உள்ளவர்களோடு பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் வேறு வழி சொன்னார்: மாற்றத்துக்கான காரணத்தைப் பழக்கம் உள்ளவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். புகைக்கும் அப்பாவிடம் ஒரு மகள் இப்படிப் பேசலாம்:

“அப்பா, விட்டுட்டா உங்களுக்கு என்ன நல்லதுன்னு நினைக்கிறீங்க?”

“மாடி ஏறினா இப்படி மூச்சு வாங்காது.”

“எதை விடுறதுதான் கஷ்டம்?”

“சாப்பிட்டதும் பிடிக்கிற ஒண்ணு.”

மகள் அன்றைக்கு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு நாள் மறுபடி கேட்கலாம்.

நம்பிக்கை: விடுவதென்று முடிவெடுத்த பிறகுதான் மருந்து.

உண்மை: 2015இல் வெளியான ஓர் ஆய்வில் பத்து நாடுகளைச் சேர்ந்த 1,510 பேர் கலந்துகொண்டார்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் விட அவர்களுக்கு மனமில்லை. ஆனால் மெல்லக் குறைத்து, மூன்று மாதத்துக்குள் விட்டுப் பார்க்கச் சம்மதம். ஒரு பாதிக்கு வரெனிக்ளின் மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, 24 வாரம். ஆலோசனை இரு பிரிவினருக்கும் உண்டு. 15ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை புகையைத் தொடாமல் இருந்தவர்கள், வரெனிக்ளின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 32 பேர்; மற்றவர்களில் 7 பேர்.

இந்த மாத்திரையை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். நிக்கோட்டின் சூயிங்கத்தையும், புகைப்பதைக் குறைத்துவரும் காலத்திலேயே மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். அதைச் சாதாரண சூயிங்கம்போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காபி குடித்த கையோடு போட்டால் நிக்கோட்டின் சரியாக உடம்பில் சேராது.

நம்பிக்கை: இருபதிலிருந்து ஒன்றுக்கு வந்தாயிற்று, இனி பயமில்லை.

உண்மை: இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நாளுக்கு 20 சிகரெட்டால் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, ஒரே சிகரெட்டிலும் இருக்கிறது என்கிறது 2018இல் வந்த ஆய்வுத் தொகுப்பு. முழுதாக விடுவதற்கு வழியாகத்தான் குறைக்க வேண்டும்.

விடுவதற்குத் துணை கேட்க இந்தியாவில் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணையும் அச்சிடுகிறார்கள்.