மோட்டார் வண்டிப் பாட்டுப்பெட்டியில் எழும் இரைச்சல்

மோட்டார் வண்டியிற் பாட்டுக் கேட்போர் பலர் ஒரு குறை கூறக் கேட்டிருக்கின்றோம். வண்டி நிற்கும்போது பாட்டுத் தெளிவாய் ஒலிக்கின்றது. என்ஜின் ஓடத் தொடங்கியவுடனே கொசுவின் ரீங்காரம் போன்றதோர் ஓசை அதனூடே புகுந்துகொள்கின்றது. வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறுகின்றது. இஃது எங்ஙனம் உண்டாகின்றது, எங்ஙனம் நீக்கத் தக்கது என்பவற்றைப் பௌதிக வகுப்பிற் பயின்ற சில உண்மைகளைக் கொண்டே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இதற்கு வேண்டுவன ஒரு மல்டிமீட்டர், சிறிது உப்புத்தாள், செவி, பொறுமை என்பனவே.

இத்தொல்லை வண்டியில் ரேடியோ ஏறிய நாள்தொட்டு உள்ளது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்கரான பால் கால்வின் தம் ஸ்டூடிபேக்கர் வண்டியில் ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டி என்னும் கடற்கரைப் பட்டினத்தில் கூடிய ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டிற்கு ஓட்டிச் சென்றார். மோட்டரோலா என்னும் பெயர் அம்முயற்சியிற் பிறந்ததே. அக்காலத்துப் பெரும்பகை ஸ்பார்க் பிளக்கின் மின்பொறியாகும். நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் என்ஜின் நிமிஷத்திற்கு 800 சுற்றுச் சுற்றுங்கால் 1600 பொறிகள் பாய்கின்றன. அஃதாவது விநாடிக்கு ஏறக்குறைய 27. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி மின்னலே. 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் போன்றவற்றின் மத்திய அலையில், அலையின் வீச்சே ஒலியைத் தாங்கி வருவதால், அம்மின்னல்கள் யாவும் 'டக் டக்' என்று உடன் கேட்கும். 1933இல் காப்புரிமை பெற்ற எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பண்பலை முறையோ அலையின் அதிர்வெண்ணில் ஒலியை ஏற்றுவதாகலின், இத்தொல்லையைப் பெரிதும் ஒதுக்கிவிட்டது. அம்முறை சென்னைக்கு 1977 ஜூலை 23ஆம் நாள் வந்தது.

ஆகவே கேட்கவேண்டிய முதல் வினா ஒன்றுண்டு. இரைச்சல் ரேடியோவில் மட்டும் வருகின்றதா, பென்டிரைவ் முதலியவற்றிற் பாடினும் வருகின்றதா? ரேடியோவில் மட்டுமெனின் அது பெரும்பாலும் ஏரியல் வழியாய் வந்தது. ஏரியலின் அடிப்பகுதி வண்டியின் உடலோடு நன்றாய்ப் பொருந்தியுள்ளதா என்று நோக்குக. பெட்ரோல் வண்டியாயின் தடையுடைய ஸ்பார்க் பிளக்கிற்குப் பதில் தடையில்லாதது மாட்டப்பட்டிருத்தலும் கூடும். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே இல்லையாதலின், அதிற் கேட்கும் டக்டக்கிற்கு வேறு காரணந் தேடவேண்டும். எதிற் பாடினும் இரைச்சல் வருமாயின், அது கம்பிகளின் வழியே புகுந்தது என்க.

சுருதி ஏறும் ரீங்காரத்திற்கு மூலம் ஆல்டர்னேட்டர். அது பிறப்பிக்கும் மூன்று கட்ட மாறு மின்னோட்டத்தை டையோடுகள் நேர் மின்னோட்டமாக்குகின்றன. ஆயினும் அந்நேர்மை முழு நேர்மையன்று; அதன்மேல் சிற்றலை ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். பன்னிரண்டு துருவங்களுடைய ஆல்டர்னேட்டர் என்ஜினைப்போல் மும்மடங்கு வேகத்திற் சுழல்வதாகக் கொள்வோம். என்ஜின் 800 சுற்றாயின் இது 2400. அஃதாவது விநாடிக்கு 40. ஆறு துருவச் சோடிகளாற் பெருக்க 240 அதிர்வு. ஒவ்வோர் அதிர்விற்கும் ஆறு மேடுகள் எழுதலின் சிற்றலை 1440 ஆகின்றது. என்ஜின் 2400 சுற்றை எட்டினால் அது 4320 ஆகும். மனிதச் செவி மிக நுண்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 வரையுள்ள அதிர்வுகளையே. அற்பமான இவ்வோசை நம்மை இத்துணை வருத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

எனினும் சிற்றலை எல்லா வண்டியிலும் உள்ளது. இரைச்சலோ சில வண்டிகளிலேதான் கேட்கின்றது. அதனைப் பாட்டிற்குள் நுழையவிடும் வாயில் எது? பெரும்பாலும் 'எர்த்' எனப்படும் இணைப்பே. வண்டியின் இரும்புடலே பேட்டரிக்கு மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாகும். ஆம்ப்ளிபயரின் கறுப்புக் கம்பி அவ்வுடலில் ஒரு போல்ட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். அங்கே துருவோ பெயின்டோ இடைநின்று நூற்றில் இரண்டு பங்கு ஓம் தடையை உண்டாக்கினாற் போதும். 20 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் அங்கே தங்கிவிடும். அந்நிலையில் முன்னுள்ள பெட்டியின் எர்த்தும் பின்னுள்ள ஆம்ப்ளிபயரின் எர்த்தும் சமமாயிரா. இரண்டையும் இணைக்கும் பாட்டுக் கம்பியின் மேலுறையான செப்பு வலையில் அவ்வேற்றுமையினால் மின்சாரம் ஓட, சிற்றலை பாட்டோடு கலந்துவிடுகின்றது. பாட்டின் மின்னழுத்தம் உரத்த இடத்திலேயே இரண்டு வோல்ட் அளவுதான். வீணையின் மெல்லிய கமகத்தில் அதனினும் மிகக் குறைவு. பிறகு ரீங்காரம் மேலோங்கக் கேட்பானேன்?

மாமல்லபுரக் கடற்கரையில் இக்கேடு விரைவாய் வருகின்றது. உப்பங்காற்று கருங்கல்லையும் விடுவதில்லை. கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மழுங்கியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பர். தொல்பொருள் துறையார் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டும், காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி உப்பை உறிஞ்சச் செய்தும் அதனைக் காத்துவருகின்றனர். கல்லிற்கே இந்நிலையாயின், செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில் உப்பீரம் படிந்தால் அரிப்பு எத்துணை விரைவாய் நடக்கும்! இரு வேறு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலமே அன்றோ?

திருக்கழுக்குன்றத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் யாத்திரிகரை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டி ஒன்றை யாம் சோதித்ததுண்டு. ஆல்டர்னேட்டரை மாற்றினாலன்றி ரீங்காரம் ஒழியாது என்று ஒரு பட்டறையில் உரிமையாளரிடம் கூறியிருந்தனர். அவருக்கோ அது பல நாள் வாடகை. என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை மாறு மின்னோட்ட அளவையில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் பிடித்தோம், 0.04 வோல்ட் காட்டிற்று. டையோடு கெட்டிருந்தால் அது அரை வோல்ட்டை எட்டியிருக்கும். ஆல்டர்னேட்டர் குற்றமற்றது. பின்னர் மீட்டரை நேர் மின்னோட்ட அளவைக்கு மாற்றி, பாட்டை உரக்க வைத்து, ஒரு முனையை ஆம்ப்ளிபயரின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரியின் கறுப்பு முனையிலும் வைக்க, 0.42 வோல்ட் காட்டிற்று. பின் இருக்கையின் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினால் செந்துருவும் பச்சைக் களிம்பும்! அதனினும் அஞ்சத்தக்கது வேறொன்று. கம்பியின் மேலுறை அவ்விடத்தில் இளகியிருந்தது. 20 ஆம்பியர் ஓட்டமும் 0.02 ஓம் தடையும் சேர்ந்தால் 8 வாட் வெப்பம். அதுவும் ஒரு போல்ட்டின் தலையளவு இடத்தில், தரைவிரிப்பின் அடியில். உப்புத்தாளால் தகடு பளபளக்கத் தேய்த்து, பல்லுள்ள வாஷர் இட்டு இறுக்கியபின் மீட்டர் 0.03 காட்டிற்று, ரீங்காரமும் ஒழிந்தது. செலவு உப்புத்தாளும் வாஷரும்தான்.

எர்த் நன்றாயிருந்தும் ஓசை நீங்காவிடின், ஒன்றை மாற்றி உடனே கேட்டு, அதன்பின் அடுத்ததை மாற்றுக; இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாமற் போம். ஒலியளவை முற்றுங் குறைத்தும் ரீங்காரம் குறையாதாயின், அது ஒலியளவுக் குமிழைத் தாண்டிய பிறகே புகுந்தது. ஆம்ப்ளிபயரிலிருந்து பாட்டுக் கம்பியைப் பிடுங்கினால் அமைதி உண்டாகுமேல், ஆம்ப்ளிபயரை விடுத்துக் கம்பியை ஆராய்க. அது பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியோடு ஒட்டிச் செல்லுமாயின், ஒன்றை வலப்புறமும் மற்றதை இடப்புறமுமாகப் பிரித்துக் கொண்டுசெல்க. குறுக்கிட நேரின் நேர்கோணத்திற் குறுக்கிடுக. கைப்பேசியைக் கம்பியால் இணைத்துக் கேட்கையில், சார்ஜரைச் செருகினாற் கத்தி, பிடுங்கினால் ஓய்வதும் உண்டு. அங்கே சார்ஜரே இரண்டாம் எர்த்துப் பாதை. என்ஜினை நிறுத்தியும் 'உஸ்' என்று ஒரே சீராய்க் கேட்பது ஆல்டர்னேட்டரின் வேலையன்று. ஆம்ப்ளிபயரில் கெயின் திருகை மிகுதியாய் ஏற்றியதன் பயன் அது.

கடையில் விற்கும் இரைச்சல் வடிகட்டிகளை யாம் முதலில் வாங்கச் சொல்லோம். காரணத்தைக் காணாமல் அவற்றை மாட்டுவது காய்ச்சலுக்குத் தைலம் தடவுவதை ஒக்கும். ரீங்காரம் அடங்கும், போல்ட் சுட்டுக்கொண்டேயிருக்கும். தாழ்ந்த சுருதியிலுள்ள மிருதங்க ஓசையைச் சில வடிகட்டிகள் மெலியச் செய்வதும் உண்டு.

சோதிக்குமுன் பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிவிட்டே போல்ட்டைத் தொடுக. மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் கம்பிகளையும், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கம்பிகளையும் தீண்டற்க. ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் தடித்த கம்பியில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருத்தல் வேண்டும். எரிந்த பியூசுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பாரும் உளர். அத்தகைய வண்டியில் இரைச்சலை ஆராயுமுன் அதனை அகற்றுக. இறுக்கிய போல்ட்டின்மேல் வாசலைன் பூசிவைத்தால் உப்பீரம் எளிதில் அணுகாது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வண்டி வைத்திருப்போர் ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஆண்டுக்கொருமுறை அதனைக் கழற்றிப் பார்த்துத் தேய்த்து மாட்டுவது நன்று; அரைமணி நேரத்திற்கு மேல் ஆகாது.