பேஸ்மேக்கருக்கு முன் ஒரு ஸ்கேன் எதற்கு?

இதயச் செயலிழப்புள்ள ஒருவருக்கு மூன்று மின்கம்பிகள் கொண்ட பேஸ்மேக்கரைப் பரிந்துரைக்கும்போது, குடும்பத்தார் எங்களிடம் தவறாமல் கேட்பது: "இதை வைத்தால் மூச்சுத்திணறல் நிச்சயம் குறையுமா?" நிச்சயம் என்று எங்களால் கூற இயலாது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இச்சிகிச்சை எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.

இதயத்தின் இடப்பக்க மின்பாதை தடைப்பட்டால், இடக் கீழறையின் நடுச்சுவர் முந்தியும் பக்கச்சுவர் பிந்தியும் சுருங்குகின்றன. வடம் பிடிப்போர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகருமா? இரு கீழறைகளையும் ஒருங்கே தூண்டி, இந்த ஒழுங்கின்மையைச் சீராக்குவதே இக்கருவியின் பணி. இசிஜியில் இத்தடை தெளிவாகத் தெரிந்து, எக்கோவில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 35 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருப்பவர்களுக்கே இதை முதன்மையாகப் பரிந்துரைக்கிறோம்.

இடக் கீழறைக்குரிய கம்பி பெரும்பாலும் பக்கச்சுவரின் மேல் அமர்கிறது. முன்பு வந்த மாரடைப்பால் அவ்விடம் தழும்பாகிப் போயிருந்தால், அங்கே தரும் தூண்டுதல் பெரும்பாலும் வீணாகும். இதை அறியவே அணுக்கதிர் ஸ்கேன் உதவுகிறது. டெக்னீசியம் கலந்த மருந்தைக் கை நரம்பில் செலுத்துகிறோம். உயிருள்ள தசை அதை ஏற்கும், தழும்பு ஏற்காது. காமா கேமரா இசிஜியுடன் இணைந்து படமெடுப்பதால், சுவரின் எப்பகுதி எந்நேரத்தில் சுருங்குகிறது என்பதையும் கணினி கணித்துவிடும். உயிருள்ள தசையுள்ள, ஆனால் கடைசியாகச் சுருங்கும் இடமே கம்பிக்கு ஏற்றது. இரத்தநாளத்தின் அமைப்பு எப்போதும் அவ்விடத்துக்கு வழிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த ஸ்கேன் இசிஜிக்கோ எக்கோவுக்கோ மாற்றன்று, எல்லோருக்கும் தேவையுமன்று. மாரடைப்பு வந்தவர்களுக்கு இது மிகவும் பயன்படுவதாகக் கருதுகிறோம். கருவி பொருத்திச் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு. கருவி இருப்பது இந்த ஸ்கேனுக்குத் தடையன்று.

படுத்தால் மூச்சு முட்டுபவர்கள் முன்கூட்டியே தெரிவியுங்கள். கேமராவின் கீழ் சிறிது நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் நேரக் கணிப்பு பிழைபடலாம். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் அவசியம் சொல்ல வேண்டும். டெக்னீசியத்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

பக்கச்சுவரில் பெரிய தழும்பு தெரிந்தால் அதை உங்களிடம் மறைக்க மாட்டோம். கம்பிக்கு வேறிடம் உண்டா, மருந்துகளையே சீர்செய்து தொடர்வதா என்பதை உங்களோடு அமர்ந்து பேசிய பின்னரே ஒப்புதல் படிவத்தைத் தருவோம்.